கறுப்பு ரீசேட்டுக்கு ரப்பர் வெள்ளை: வாங்கலாமா?

கொழும்பு புறக்கோட்டையில் வாளியில் விற்கும் ரப்பர் வெள்ளை, ஸ்கிரீன் அச்சுக்கான தண்ணீர் மை; கொட்டன் துணிக்கு நல்ல மை. பொலியெஸ்டருக்கு வாங்கவே வேண்டாம். 'மை சரியில்லை' என்று கடைக்காரரிடம் திருப்பிக் கொண்டுபோகும் குறைகளில் பெரும்பாலானவை மையில் இல்லை. மெஷ்ஷிலும் (ஸ்கிரீன் சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி), எமல்ஷனிலும் (படம் இல்லாத கண்ணிகளை அடைக்க மெஷ்ஷில் பூசி, வெளிச்சம் காட்டி இறுக வைக்கும் பூச்சு), சூட்டிலும்தான் இருக்கின்றன.

கறுப்புக் கொட்டனில் 43 டி மெஷ்ஷால் (சென்ரிமீற்றருக்கு 43 நூல்; எண் கூடினால் கண்ணி சிறிது) ஒருதரம் மையை இழுத்தால் சாம்பல் கலந்த வெள்ளைதான் வரும். அதற்கு ஹீட் கன்னால் (சூடான காற்று வீசும் கருவி) சூடு காட்டி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, அசையாமல் அதே இடத்தில் இன்னொரு தரம் இழுக்க வேண்டும். அப்போது வரும் வெள்ளை உண்மையிலேயே வெள்ளை, இந்த விலைக்கு அது பெரிய விஷயம். 77 டி மெஷ்ஷில் அடித்துவிட்டு மை தண்ணீராக இருக்கிறது என்று சொல்வது நியாயமில்லை. அந்தக் கண்ணி அவ்வளவு மையைக் கீழே விடாது. மையை இழுக்கும் ரப்பர் விளிம்புக் கட்டையான ஸ்குவீஜியைப் பலமாக அழுத்தினாலும் இதே கதைதான்: மை துணிக்குள் இறங்கிவிடும், நூல் மேலே தெரியும். ஸ்கிரீனுக்கும் துணிக்கும் இடையே 2 முதல் 3 மி.மீ. இடைவெளி வையுங்கள். சட்டத்தின் மூலைகளில் தடித்த மட்டையை மடித்து ஒட்டினாலே போதும். இடைவெளி இல்லாவிட்டால் ஸ்கிரீன் ஈர மையில் ஒட்டிக்கொண்டு, தூக்கும்போது ஓரங்கள் பிசிறும்.

அதிகம் வரும் முறைப்பாடு கண்ணி அடைப்பு. இது தண்ணீர் மை, காற்றுப் பட்டால் காயும். தலைக்கு மேலே ஃபேன் சுழல, ஸ்கிரீனை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த ரீசேட்டை விரித்துக்கொண்டிருந்தால் சின்ன எழுத்துகள்தான் முதலில் போகும். ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் மையைத் திரும்பப் பரப்பி கண்ணிகளை மூடி வையுங்கள். மை தடித்துவிட்டால் கிலோவுக்கு 20 முதல் 30 கிராம் தண்ணீர், அதற்கு மேல் வேண்டாம். கூடினால் மறைப்பும் போகும், ஓரமும் கசியும். அடைத்த இடத்தை ஈரத்துணியால் கீழ்ப்பக்கமாகத் துடைத்து, பழைய துணியில் இரண்டு இழுப்பு இழுத்தால் திறந்துவிடும். தின்னர் ஊற்றாதீர்கள், மை திரிந்து கட்டிபடும்.

அச்சில் ஊசிமுனை அளவில் வெள்ளைப் புள்ளிகள் விழுந்தால் எமல்ஷனைப் பாருங்கள். கொழும்பின் ஈரக்காற்றில், அதிலும் மழை மாதங்களில், எமல்ஷன் தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். அப்படியே வெளிச்சம் காட்டினால் சரியாக இறுகாது. கழுவிய பின் ஸ்குவீஜிப் பக்கத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள், வழுவழுவென்று வந்தால் அந்த ஸ்கிரீன் பாதி வேலையில் கரையும். ஏசி அறையிலோ ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வைத்த இருட்டறையிலோ காயவைப்பதுதான் வழி. எமல்ஷன் வாங்கும்போதே தண்ணீர் மைக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள்.

கழுவும்போது உரிகிறது என்றால் சூடு போதவில்லை. மையின் மேற்பரப்பே ஏறக்குறைய 150 பாகை செல்சியஸில் இரண்டு, மூன்று நிமிடம் இருக்க வேண்டும். சூடான தட்டால் அழுத்தும் ஹீட் பிரஸ்ஸின் திரையில் தெரியும் எண் தட்டின் சூடு, மையின் சூடு அல்ல. ஈரம் ஆவியாகிப் போகும்வரை மை அந்தச் சூட்டுக்கு ஏறவே ஏறாது, ஆகவே முதலில் தட்டைத் தொடாமல் மேலே நிறுத்தி ஈரத்தை விரட்டுங்கள். மை துணியில் பிடித்து நிற்க உதவும் ஃபிக்சர் சேர்ப்பதானால் கிலோவுக்கு 10 முதல் 20 கிராம். அன்றைக்குத் தேவையான மையில் மட்டும் கலக்குங்கள், கலந்தது மறுநாளுக்கு உதவாது. ஒரு ரீசேட்டைத் துவைத்துப் பார்க்காமல் ஓடரைக் கொடுக்க வேண்டாம்.

முதலாம் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டிக்காக வரும் சிவப்பு பொலியெஸ்டர் ஜேர்சிகளில்தான் இந்த மை தோற்கிறது. அடித்த அன்று வெள்ளையாக இருக்கும் இலக்கம் பிறகு இளஞ்சிவப்பாகிவிடும். சூட்டில் துணியின் சாயம் ஆவியாகி மைக்குள் ஏறுவதுதான் காரணம். எத்தனை தரம் மேலே அடித்தாலும் நிற்காது. அங்கே சாயத்தைத் தடுக்கும் சாம்பல் அடிப்பூச்சும், 130 பாகை அளவில் வேகும் பிளாஸ்டிசோலும் (தண்ணீர் இல்லாத பிளாஸ்டிக் மை) வேண்டும். செலவு கூடத்தான், ஆனால் பிள்ளைகள் அணிந்துகொண்டு ஓடப்போகும் ஜேர்சி அது.

வாங்கும்போது மூடியைத் திறந்து பாருங்கள். மேலே பாலாடை போல ஏடு படிந்திருந்தால் வேறு வாளி கேளுங்கள். அந்த ஏட்டைக் கலக்கிவிட்டால் கட்டி கட்டியாகக் கண்ணியில் வந்து நிற்கும். பெரிய வாளி கிலோவுக்கு மலிவுதான், என்றாலும் மாதம் ஓரிரு ஓடர் செய்கிறவர்கள் ஒரு கிலோவே வாங்குங்கள், திறந்த வாளி நாள்பட நாள்பட தடிக்கும்.