மழைக்கு ஒரு கொப்பி: நாலு வருட அனுபவம்

இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், வீடு, ஹட்டனில் ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலை. 2021 கடைசியில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினேன். நாலு வருடத்தில் ஒன்பது கொப்பி முடிந்தது. மனப் பதற்றத்துக்கு எழுதுவது நல்லது என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் எனக்கு முதல் வருடம் அது கெடுதல்தான் செய்தது.

என் பயம் மழை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்தபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. எங்கள் லயத்துக்குப் பின்னாலும் அப்படி ஒரு மேடு நிற்கிறது. தகரத்தில் மழை விழத் தொடங்கினால் நெஞ்சு படபடக்கும். விடிய விடிய காது பின்பக்கத்திலேயே இருக்கும்.

முதலில் படுக்கையில் இருந்தபடி மனதில் வருவதையெல்லாம் கொட்டினேன். போனில் ஒரு செயலியும் போட்டுப் பார்த்தேன். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் வெட்டிய நாட்களில் போனில் சார்ஜே நிற்கவில்லை. மெழுகுதிரி வைத்துக் கொப்பியில் எழுதினேன். பின்னால் புரட்டிப் பார்த்தபோது ஒரே வரி பதினொரு இரவு இருந்தது: "மேடு இறங்கினால் அம்மாவை எப்படித் தூக்குவேன்?" எழுத எழுதப் பயம் ஊறித்தான் போயிருந்தது.

அப்புறம்தான் அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் இருவரும் 1986இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றி வாசித்தேன். கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து 4 நாள், நாளுக்கு 15 நிமிடம், மனதை உலுக்கிய ஒன்றையும் அதைப் பற்றிய உணர்வையும் எழுதச் சொன்னார்கள். எழுதிய கையோடு அவர்களுக்கும் மனம் கனத்துத்தான் இருந்தது. அடுத்து வந்த மாதங்களில்தான் உடம்புக்கு முடியவில்லை என்று வைத்தியரிடம் போவது குறைந்தது. அந்த எழுத்துக்கு ஓர் எல்லை இருந்தது. என்னுடையதற்கு இல்லை.

அதனால் மாற்றினேன். சாயந்தரம் ஆறரைக்கு, அடுப்படியில், தேத்தண்ணியோடு, அலாரம் வைத்துப் பதினைந்து நிமிடம். படுக்கைக்குக் கொப்பி வரக் கூடாது. தாளை நீளவாக்கில் மடிப்பேன். இடப் பக்கம் பயம், வலப் பக்கம் நாளைக்கு என் கையால் ஆகக்கூடியது. ஒரு பக்கம் இப்படி இருக்கிறது:

"பின்மேட்டு வெடிப்பு பெரிதாகிறதோ?" எதிரே: "வெடிப்புக்கு இரண்டு பக்கமும் குச்சி அடித்து அளக்கணும். அடையாள அட்டை, அம்மாவின் கிளினிக் கொப்பி, டோர்ச் எல்லாம் ஒரே பையில். கிராம சேவகரிடம் சொல்லணும்."

அடுத்த நாள் காலை அளந்தேன். குச்சிக்குக் குச்சி 23 சென்டிமீற்றர். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அளந்து எழுதினேன். ஏழு மாதமாக 23தான். "பயப்படாதே" என்று ஊரே சொல்லிக் கேட்காத மனசு அந்த இலக்கத்தைக் கேட்டது. இடப் பக்கத்தில் அந்த வரி வருவது குறைந்து, ஒரு கட்டத்தில் நின்றே போனது. அதற்காக மேடு பத்திரம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. வெடிப்பு அகன்றாலோ, மரம் சாய்ந்தாலோ, இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பிக் கலங்கல் தண்ணி வந்தாலோ அளந்துகொண்டிருக்கக் கூடாது. பையை எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டும். அதையும் கொப்பியின் முன் அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்.

படுக்கும் முன் இன்னும் ஐந்து நிமிடம், ஒரு துண்டுக் காகிதத்தில் மறுநாள் வேலைகள் மட்டும். 2018இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், இப்படி எழுதியவர்கள் முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முந்தித் தூங்கினார்களாம். எனக்கும் மழை இல்லாத இரவுகளில் இது நன்றாகவே உதவுகிறது.

லயத்தில் பெரிய கஷ்டம் தனிமை இல்லாததுதான். பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் கொப்பியை எங்கே ஒளிப்பது? தம்பி ஒருநாள் எடுத்து வாசித்துவிட்டான். ஒரு மாதம் பேனையைத் தொடவே மனசு வரவில்லை. இப்போது மிகவும் உள்ளான விஷயத்தைத் தனித் தாளில் எழுதி, அப்போதே அடுப்பில் போட்டுவிடுகிறேன். எரித்தாலும் மனப் பாரம் இறங்கத்தான் செய்கிறது.

கொப்பியால் ஆகாததும் உண்டு. அடைமழை இரவுகளில் மூச்சு முட்டும் படபடப்பு எழுத்தால் போகவில்லை. 2023இல் ஆஸ்பத்திரி மனநல கிளினிக்குக்குப் போனேன். வாய் திறந்தால் அழுகைதான் வந்தது, அதனால் கொப்பியை நீட்டினேன். எந்தத் திகதியில் எத்தனை மணிக்குத் தூங்கினேன், எப்போது படபடத்தது, எல்லாம் அதில் இருந்தது. டொக்டர் பொறுமையாகப் புரட்டி வாசித்துவிட்டுத்தான் பேசத் தொடங்கினார். மருந்தும் எடுக்கிறேன், எழுதவும் எழுதுகிறேன். உங்களுக்கும் எழுதி எழுதியும் தூக்கம் வராமல் வாரக்கணக்கில் போகிறது என்றால், தயவுசெய்து கொப்பியோடு மட்டும் நின்றுவிடாதீர்கள். கிளினிக்குக்குப் போக வழியில்லாவிட்டால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926க்கு ஒரு அழைப்பு எடுங்கள்.