ஆடு தின்னாது, தேனீ மொய்க்கும் என்று சொல்லி 7,800 ரூபாய் பறித்துக்கொண்டார்கள்: கடலூர், புதுச்சேரி பக்கம் தோட்டம் போடுகிறவர்கள் படியுங்கள்

கோபத்தோடுதான் எழுதுகிறேன். நேற்று ராத்திரி அந்த ஆன்லைன் செடிக்கடை என் நம்பரை பிளாக் செய்துவிட்டது. 7,800 ரூபாய் போயிற்று. ஆடு மாடு அலையும் இடத்தில் பூச்செடி வைக்க நினைக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். என்ன செடி வைக்கலாம், என்ன கேட்டு வாங்கலாம் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் வீடு கேப்பர் மலைப் பக்கம். செம்மண், பின்னால் முந்திரித் தோப்பு. தெருவில் பாதி வீட்டில் ஆடு உண்டு. முள்வேலி போட்டாலும் குட்டிகள் இடுக்கில் நுழைந்துவிடும். என் அத்தை பந்தல் போட்டுப் பாகல், பீர்க்கு, பூசணி வளர்க்கிறார். கொஞ்ச காலமாகப் பிஞ்சு நிற்பதே இல்லை. இந்தக் கொடிகளில் ஆண்பூ தனி, பெண்பூ தனி. தேனீ வந்து மகரந்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் காய். இல்லையென்றால் பெண்பூவுக்கு அடியில் இருக்கும் குட்டிப் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துவிடும். பூசணிப்பூ விடியும் நேரத்தில் விரிந்து வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும், பீர்க்கம்பூ சாயங்காலம் விரியும். முழங்கால் வலியோடு அத்தை காலையும் மாலையும் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தடவிக்கொண்டு நிற்பார். அதைப் பார்த்துத்தான் பந்தலைச் சுற்றிப் பல வருஷம் நின்று பூக்கும் செடிகள் வைத்தால் தேனீ தானாக வந்துவிடுமே என்று தேடினேன். ஒரே நிபந்தனை, ஆடு கடிக்கக் கூடாது. செம்பருத்தியும் ரோஜாவும் ஏற்கெனவே மொட்டைக் குச்சியாகிவிட்டன.

அப்போதுதான் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. செடி விற்கும் ஒரு சமூக வலைத்தளப் பக்கம், நிறையப் பேர் பின்தொடர்கிறார்கள். 'மான் தொடாத பெரினியல் பூச்செடித் தொகுப்பு, தேனீயும் பட்டாம்பூச்சியும் தேடி வரும்' என்று ஆடித் தள்ளுபடி விளம்பரம். பெரினியல் என்றால் பல வருஷம் நிற்கும் பல்லாண்டுச் செடி. 24 செடி. லாவண்டர், எக்கினேசியா, மொனார்டா, சால்வியா. ஊதாவும் சிவப்புமாக ஒரு தோட்டத்துப் படம். விலை, பார்சல் செலவு எல்லாம் சேர்த்து 7,800 ரூபாய்.

உடனே நான் பணம் போடவில்லை. போன் செய்து கேட்டேன். பேசிய பையன் குரலில் அவ்வளவு மரியாதை. 'எந்த ஊருக்கா?' என்றான். கடலூர் என்றதும், 'எங்க அம்மாவுக்குப் பண்ருட்டிதாங்க்கா, உங்க மண்ணு எனக்குத் தெரியும்' என்றான். பலா சீசனில் தாத்தா வீட்டுக்கு வந்ததை எல்லாம் சொன்னான். எங்கள் வெயிலுக்கு லாவண்டர் தாங்குமா என்று கேட்டேன். 'சூப்பரா வரும்க்கா, பாண்டிச்சேரியில் மாடித்தோட்டத்துக்கே நிறைய அனுப்பியிருக்கோம்' என்றான். எங்களுக்கு மான் தொல்லை இல்லை, ஆடுதான் என்று தெளிவாகச் சொன்னேன். 'மானே தொடாதுன்னா ஆடு எப்படிக்கா தொடும்? நான் கேரண்டி' என்றான். 'அம்மாகிட்ட சொல்றேன், கடலூர் அக்கா ஒருத்தங்க வாங்கியிருக்காங்கன்னு' என்று வேறு சேர்த்துக்கொண்டான். அந்த வார்த்தையில்தான் யூபிஐயில் 7,800 ரூபாயையும் மொத்தமாக அனுப்பினேன். பொய் சொல்லி விற்கிறவன் தன் அம்மா ஊரையா இழுப்பான்?

பெட்டி வந்தது. ஈரத் தென்னைநார்த்தூளில் சுற்றிய நாற்றுகள், ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. பாதி ஏற்கெனவே தலை சாய்ந்திருந்தது. சொன்னபடி நிழலில் வைத்து, தேறிய பிறகு பந்தலைச் சுற்றி நட்டோம். லாவண்டர் என்று வந்தவை இங்கே பெய்த முதல் நல்ல மழைக்கே அடி கறுத்து அழுகின. எக்கினேசியா என்று சீட்டு ஒட்டியவை சீக்கிரமே மொட்டு விட்டன. சந்தோஷப்பட்டோம். பூத்துப் பார்த்தால் சாதாரண மஞ்சள் காஸ்மோஸ்! பத்து ரூபாய் விதைப் பாக்கெட்டில் கிடைக்கும், ஒரு பருவத்தோடு காய்ந்துபோகும் செடி. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், அவர்தான் இலையைப் பார்த்ததும் சொன்னார். மொனார்டா என்று வந்ததை அவராலும் அடையாளம் காண முடியவில்லை, அதற்குள் அது செத்துவிட்டது. மிச்சம் இருந்த சிவப்பு சால்வியாவையும் காஸ்மோஸையும் ஒரு மத்தியானம் ஆடுகள் புகுந்து மேய்ந்துவிட்டுப் போயின.

உண்மையான செடியையே அனுப்பியிருந்தாலும் இது நிற்காது என்று அந்த ஆசிரியர் விளக்கினார். எனக்கு அதுதான் இன்னும் ஆத்திரம். லாவண்டர் மத்தியதரைக்கடல் பக்கத்துச் செடி. காற்றில் ஈரம் குறைவாக, வேரில் தண்ணீர் தேங்காமல் இருக்க வேண்டும். கடல் காற்றுப் புழுக்கத்திலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் அதற்கு என்ன வாழ்வு? எக்கினேசியாவும் மொனார்டாவும் வட அமெரிக்காவின் செடிகள். அங்கே பனிக்காலத்தில் மேலே காய்ந்து, வசந்தத்தில் வேரிலிருந்து திரும்பத் துளிர்க்கும். பல்லாண்டுச் செடி என்று அங்கே சொல்வது அந்தக் குளிரை வைத்துத்தான். மொனார்டாவுக்கு அங்கே வருவது ஹம்மிங்பேர்டும் பம்பிள் தேனீயும். இரண்டும் நம் சமவெளியில் கிடையாது.

மான் தொடாது என்பதும் அந்த ஊர்க் கணக்குதான். வாசனை எண்ணெய் உள்ள இலை, சொரசொரப்பான இலை, பால் வடியும் செடி, இவற்றை மான் பெரும்பாலும் ஒதுக்கும். அமெரிக்காவில் நியூஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் வெளியிடும் பட்டியலில்கூடச் செடிகளை 'அரிதாகச் சேதமாகும்' என்பதில் தொடங்கி 'அடிக்கடி பலத்த சேதமாகும்' என்பது வரை தரம் பிரித்துத்தான் போட்டிருக்கிறார்கள். எந்தச் செடியையும் மான் தொடவே தொடாது என்று அவர்களே சொல்வதில்லை. பசி வந்தால் மான் எதையும் கடிக்கும். ஆடோ கசப்பை இன்னும் நன்றாகத் தாங்கும். இதை எல்லாம் ஒரு செடிக்கடைக்காரன் தெரிந்து வைத்திருக்க வேண்டாமா? தெரிந்தேதான் 7,800 ரூபாய்க்கு விற்றார்கள் என்கிறேன்.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. முதலில் படம் அனுப்பினேன். 'ட்ரான்ஸ்பிளான்ட் ஷாக்க்கா, ஒரு வாரம் பாருங்க.' இடம் மாற்றி நட்டதில் செடி வாடுகிறதாம். ஒரு வாரம் பார்த்தேன். 'வேப்பெண்ணெய் அடிங்க.' அடித்தேன். 'தண்ணி அதிகமா ஊத்திட்டீங்க.' மழை பெய்தது என்றேன். 'மழைக்கு நாங்க என்னக்கா பண்றது?' காஸ்மோஸ் பூவைப் படம் எடுத்து அனுப்பியதும், 'பெட்டி பிரிக்கிற வீடியோ இருக்கா? வீடியோ இல்லாம கிளெய்ம் கிடையாது' என்று வந்தது. பணம் கட்டும்போது வீடியோ என்ற பேச்சே இல்லை. பண்ருட்டிப் பையன் போனை எடுப்பதே நின்றுபோனது. வேறு யாரோ ஒரு ஆள், 'மேடம்' என்று ஆரம்பித்து, 'மான் சாப்பிடாதுன்னுதான் போட்டிருக்கோம், ஆடு சாப்பிடாதுன்னு எங்க போட்டிருக்கோம்?' என்று கேட்டான். எனக்குக் கை நடுங்கியது. ஆட்டைப் பற்றி நான் கேட்டதும் அவர்கள் கேரண்டி சொன்னதும் போனில் பேசியது, என்னிடம் பதிவு இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் பக்கத்தில் நடந்ததை அப்படியே கமெண்ட் போட்டேன், அழித்துவிட்டார்கள். 'பாதிப் பணமாவது திருப்பித் தாருங்கள்' என்று கேட்டதற்குப் பதில்தான் நேற்றைய பிளாக்.

7,800 ரூபாய் சிலருக்குப் பெரிய தொகை இல்லாமல் இருக்கலாம். எங்கள் வீட்டில் அது அத்தை முந்திரி உடைத்துச் சேர்த்த காசு. தேனீ வந்தால் பிஞ்சு நிற்கும் என்று நம்பித் தன் கையால் எடுத்துக் கொடுத்தார். இப்போது கேட்டால் 'போனா போகுது விடும்மா' என்கிறார். என்னால் விட முடியவில்லை.

சரி, சொன்னபடி சில விஷயங்கள். மனசு சரியில்லை, சுருக்கமாக எழுதுகிறேன்.

'மான் தொடாது' என்று இங்கே யாராவது விற்றால் அப்படியே நகர்ந்துவிடுங்கள். உங்கள் தெருவில் ஆடு எதைத் தாண்டிப் போகிறது என்று பாருங்கள். நொச்சி, ஆடாதோடை, ஆவாரை, நித்தியகல்யாணி, துளசி, இவற்றை ஆடு பெரும்பாலும் சீண்டுவதில்லை. நொச்சிக்கும் துளசிக்கும் தேனீ நன்றாக வரும். ஆவாரைக்குப் பெரிய கருவண்டு வரும், அந்தச் செடி செம்மண்ணில் தண்ணீர் இல்லாமலே நிற்கும். நித்தியகல்யாணிக்குப் பட்டாம்பூச்சிதான் அதிகம், தேனீயை எதிர்பார்த்து அதை மட்டும் வைக்காதீர்கள். இளம் செடிக்கு எதுவானாலும் கொஞ்ச நாள் முள் போட்டு மறையுங்கள். உண்ணிச்செடியை மட்டும் பூ அழகாக இருக்கிறது என்று கொண்டுவராதீர்கள், ஆடு மாட்டுக்கு விஷம், தோப்பெல்லாம் பரவிவிடும்.

வாங்குவதானால் நேரில் போய்ப் பூவோடு பார்த்து வாங்குங்கள். ஆன்லைன் என்றால் அவர்கள் சொல்லும் உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள், பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள், முழுப் பணத்தையும் முன்னால் அனுப்பாதீர்கள். ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, பண மோசடிக்கு சைபர் உதவி எண் 1930. நான் இன்று காலை 1915-இல் புகார் கொடுத்துவிட்டேன்.

ஆடித் தள்ளுபடியில் இதே மாதிரி 24 செடித் தொகுப்பு வாங்கிய கடலூர், பாண்டிச்சேரிக்காரர்கள் யாராவது இருந்தால் கீழே சொல்லுங்கள். செடியில் கட்டியிருந்த சீட்டையும் பணம் அனுப்பிய ரசீதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், சேர்ந்து புகார் கொடுக்கலாம்.