ரேடியேட்டர்: ஒட்டுவதா, மாற்றுவதா, புதுப்பேட்டைக்குப் போவதா?

பதினைந்து வயதைத் தாண்டிய மாருதி 800, ஆல்ட்டோ, ஜென் போன்ற வண்டிகளில் சூட்டு முள் பாதிக்கு மேல் ஏற ஆரம்பித்தால், பட்டறையில் காதில் விழும் முதல் பேச்சு பெரும்பாலும் "ரேடியேட்டர் போச்சுண்ணே" என்பதுதான். அடுத்து ஐந்து வழிகள் வரும். மஞ்சள் தூளோ லீக் அடைக்கும் மருந்தோ போட்டு ஓட்டலாம். ரேடியேட்டர் கடையில் கொடுத்து ஒட்டலாம். வெளிக்கம்பெனி புதுசு போடலாம், கம்பெனி ஒரிஜினல் போடலாம், சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் கழற்றிய பழசு வாங்கலாம். ஆனால் குற்றவாளி ரேடியேட்டர்தானா என்று பார்க்காமல் இதில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் காசு தண்டம்.

முள் எப்போது ஏறுகிறது?

சிக்னலில் நிற்கையில் ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ஃபேன் பக்கம் பாருங்கள். ஜிஎஸ்டி சாலையில் எண்பதில் போகும்போதோ, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போதோ மட்டும் ஏறினால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை: ரேடியேட்டர் குழாய் அடைப்பு, பம்ப் இறக்கை அரிப்பு, பெல்ட் வழுக்கல், முழுசாகத் திறக்காத தெர்மோஸ்டாட் (சூடேறியதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு). காலையில் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில், தண்ணீர் சூடாவதற்கு முன்பே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினால் ஹெட் கேஸ்கெட்டிலிருந்து (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) புகை தண்ணீருக்குள் வருகிறது என்று அர்த்தம்.

மிக மலிவான சந்தேகப் பொருள் மூடி. இந்த வண்டிகளின் ரேடியேட்டர் மூடி மேல் 0.9 என்று அச்சிட்டிருக்கும். அது அழுத்த அளவு, பார் கணக்கில். திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் வெறும் தண்ணீர், 0.9 பார் அழுத்தத்தில் 118 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் வளையம் வெடித்தோ ஸ்பிரிங் தளர்ந்தோ போனால் அந்தப் பதினெட்டு டிகிரி கையை விட்டுப் போகிறது. மூடிக்குள் நடுவில் சின்னதாக இன்னொரு வால்வும் உண்டு. இன்ஜின் ஆறும்போது பக்கத்து டப்பாவிலிருந்து தண்ணீரைத் திரும்ப உறிஞ்சவிடுவது அதுதான். அது ஒட்டிக்கொண்டால் டப்பா நிறைய இருக்கும், ரேடியேட்டர் குறைந்திருக்கும், ஆறிய வண்டியில் மேல் ஹோஸ் சப்பிப் போயிருக்கும். புது ரேடியேட்டர் வாங்குவதற்கு முன் புது மூடி போட்டு இரண்டு நாள் ஓட்டிப் பார்ப்பதில் நஷ்டமே இல்லை. மூடியைத் திறப்பது இன்ஜின் ஆறிய பிறகு மட்டும். சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும்.

ஃபேனைச் சோதிக்க, கார்புரேட்டர் வண்டியில் தெர்மோ ஸ்விட்ச்சின் (சூடேறியதும் ஃபேனை ஓடவிடும் ஸ்விட்ச்) கனெக்டரைக் கழற்றி, இரண்டு முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, சாவியை ஆன் செய்யுங்கள். ஒற்றை வயர் ஸ்விட்ச் என்றால் அந்த வயரை பாடியில் தொடுங்கள். ஃபேன் சுற்றினால் மோட்டார் நல்லது, ஸ்விட்ச் கெட்டது. சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, பிறகு மோட்டார். அதே வகை ரிலே ஹாரனுக்கும் இருந்தால் அதை மாற்றிப் போட்டுப் பார்ப்பது அரை நிமிட வேலை.

ஹெட் கேஸ்கெட் சந்தேகம் இருந்தால், ஆறிய வண்டியில் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்து ரேடியேட்டர் வாயைப் பாருங்கள். தெர்மோஸ்டாட் திறப்பதற்கு முன்பே விடாமல் குமிழி வந்தால், குறிப்பாக ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது பொங்கினால், ரேடியேட்டரைத் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் அழுத்தம் அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் போட்டு எல்லா சிலிண்டரையும் பாருங்கள். சிலிண்டர்களுக்கு இடையே வித்தியாசம் ஒரு கிலோவை (சதுர செ.மீ.க்கு) தாண்டினால், அதுவும் பக்கத்துப் பக்கத்து இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால், ஹெட் கழற்றும் வேலை. கழற்றிய ஹெட் மேல் நேர்ப்பட்டை வைத்து ஃபீலர் கேஜ் விடும்போது 0.05 மி.மீ. தகடு நுழைந்தால் மட்டம் தட்டாமல் புது கேஸ்கெட் போட்டுப் பயனில்லை. அலுமினிய ஹெட் ஒருமுறை நன்றாகக் கொதித்தால் வளைந்துவிடும். பழைய மெக்கானிக்குகளுக்கும் இதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் தாண்டி ரேடியேட்டர்தான் என்று வந்தால், கழற்றி ஒரு வாளிச் சோதனை. கீழ் வாயை உள்ளங்கையால் அடைத்து, மேலே நிரம்பத் தண்ணீர் ஊற்றி, கையைச் சட்டென்று எடுங்கள். நல்ல ரேடியேட்டரில் தண்ணீர் கொட்டும். அடைத்ததில் வழியும். கழற்றாமல் பார்க்க வேண்டுமானால், வண்டி சூடான பிறகு அகச்சிவப்பு வெப்பமானியை வலைப்பரப்பு முழுக்க ஓட்டுங்கள். சுற்றியுள்ள இடத்தைவிடத் திடீரென்று குளிர்ந்த திட்டு தெரிந்தால் அந்தக் குழாய்களில் ஓட்டம் இல்லை.

ஏசி வண்டி என்றால் இன்னொன்று. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள சந்தில் பல வருடத் தூசி கம்பளம் மாதிரி படிந்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. ரேடியேட்டரின் மேல் போல்ட்டைக் கழற்றிச் சற்றுச் சாய்த்தால் தெரியும். இன்ஜின் பக்கத்திலிருந்து வெளியே பார்த்து மெதுவாகத் தண்ணீர் அடியுங்கள். பிரஷர் வாஷரைக் கிட்டே பிடித்தால் வலைத்தகடுகள் மடங்கி, இருந்த காற்றோட்டமும் போகும்.

ஐந்து வழிகள்

மஞ்சள் தூளை முதலில் தள்ளிவிடலாம். ஊசிமுனை ஓட்டையை அது அடைப்பது உண்மைதான், கடையில் விற்கும் மருந்தும் அதே தத்துவம்தான். ஓட்டையை அடைக்கிற பொருளுக்கு ஓட்டை எது, குழாய் எது என்று தெரியாது. ஏற்கெனவே உப்பு படிந்து பாதியாகச் சுருங்கிய குழாயிலும் ஹீட்டரின் நுண்குழாயிலும் போய் உட்காரும். நடுவழியில் வீடு வந்து சேர மட்டும் ஒருமுறை சரி. வந்ததும் முழுத் தண்ணீரையும் வடித்துக் கழுவ வேண்டும்.

ரேடியேட்டர் கடைக்காரரிடம் கொடுப்பது நல்லதா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. அது ரேடியேட்டரின் உலோகத்தைப் பொறுத்தது. பித்தளைத் தொட்டியும் செம்புக் குழாயும் உள்ள பழைய வகை என்றால் தயங்காமல் கொடுங்கள். ஈயப்பற்று அதற்கென்றே பிறந்தது. மேல் தொட்டியைச் சூடுகாட்டிப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் மெல்லிய பட்டைக் கம்பியை விட்டு உப்பைத் தள்ளி, மறுபடி பற்றவைத்து, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் காற்றடித்துக் குமிழி பார்ப்பார்கள். ராடிங் என்பது இதுதான். சரியாகச் செய்தால் இன்னும் பல வருடம் வரும், சந்தையில் கிடைக்கும் மலிவு அலுமினியத்தைவிட உறுதியாகவும் இருக்கும். எத்தனை குழாயை 'டெட்' செய்தீர்கள் என்று மட்டும் கேட்டுவிடுங்கள். ஓட்டையான குழாயின் இரு முனையையும் ஈயத்தால் மூடிவிடுவது வழக்கம். முப்பது குழாயில் ஒன்று மூடினால் தெரியாது. மூன்று மூடினால் பத்தில் ஒரு பங்கு பரப்பு போச்சு, மே மாதத்தில் அது தெரியும்.

அலுமினிய வலையும் பிளாஸ்டிக் தொட்டியும் சேர்ந்த பிந்தைய வகையில் கதை வேறு. அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு, சாதாரண ஈயத்தை ஒட்டவிடாது. பிளாஸ்டிக் தொட்டி ரப்பர் வளையத்தின் மேல் அமர்ந்து, சுற்றிலும் அலுமினிய நாக்குகளால் மடக்கிப் பிடிக்கப்பட்டிருக்கிறது. அந்த நாக்கை ஒருமுறை நிமிர்த்தி மடக்கலாம், இரண்டாம் முறை ஒடியும். தொட்டியும் வலையும் சேரும் விளிம்பில் மட்டும் கசிவு என்றால், புது வளையம் போட்டு மடக்கித் தரும் கடைகள் உண்டு, அது நியாயமான செலவு. ஆனால் மேல் ஹோஸ் மாட்டும் கழுத்து கறுப்பிலிருந்து பழுப்பாகி, நகத்தால் சுரண்டினால் பொடி உதிர்ந்தால், அந்தப் பிளாஸ்டிக்கின் ஆயுள் முடிந்தது. எம்-சீல் பூசினால் பூசிய இடத்துக்கு அடுத்த இடத்தில் வெடிக்கும்.

இன்னொரு ஆபத்து கழுவும் மருந்து. சில கடைகளில் காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைப்பார்கள். பித்தளைக்கு அது தாங்கும். அலுமினியத்தை அது தின்றுவிடும். கொடுக்கும்போதே "அண்ணே, இது அலுமினியம், காஸ்டிக்ல போட்டுடாதீங்க" என்று சொல்லிவிடுங்கள்.

புதுசு வாங்குவதென்றால் ஒரிஜினலா வெளிக்கம்பெனியா என்ற கேள்வியை பெட்டியின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். பழையதையும் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். வெர்னியர் வைத்து வலையின் தடிமனை அளந்து பாருங்கள். ஒரு அங்குலத்துக்குள் எத்தனை வலைத்தகடு என்று எண்ணுங்கள். மலிவு ரகத்தில் முதலில் குறைவது இந்த இரண்டும்தான். அடுத்து ஃபேன் மாட்டும் துளைகள், வடிகால் திருகு, அடிப்புற ரப்பர் முளைகள், மூடி உட்காரும் வாயின் ஆழம். வாயின் ஆழம் அரை மில்லிமீட்டர் பிசகினால் நல்ல மூடியும் அழுத்தத்தைப் பிடிக்காது, ஆளுக்கு ஆள் மூடியைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். இவை எல்லாம் பழையதோடு ஒத்துப்போனால் வெளிக்கம்பெனியே போதும். ஏசி போட்டு மலையேறும் வண்டிக்கு மட்டும் ஒரிஜினலுக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது.

புதுப்பேட்டை? கதவு, கண்ணாடி, லைட், ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாவற்றுக்கும் அது தங்கச் சுரங்கம். பழைய அலுமினிய ரேடியேட்டருக்கு மட்டும் வேண்டாம். உங்களுடையது போனதற்கான அதே காரணங்கள், அதே வயதில், அதற்குள்ளும் நடந்துகொண்டிருக்கும். எந்த ஊர் போர் தண்ணீர் ஊற்றி ஓட்டினார்கள் என்பது யாருக்கும் தெரியாது. வாய்க்குள் விரல் விட்டுப் பாருங்கள், வெள்ளைப் படிவமோ பழுப்புச் சேறோ ஒட்டினால் வைத்துவிட்டு வாருங்கள். ஆனால் ஃபேன் மோட்டாரும் அதன் சட்டமும் அங்கே வாங்கத் தகுந்தவை. கடையிலேயே 12 வோல்ட் பேட்டரியில் வைத்துச் சுற்றவிட்டுப் பார்க்கலாம். கையால் சுற்றினால் ஆட்டம் இருக்கக் கூடாது, கரகரக்கக் கூடாது.

கூடவே வரும் இரண்டு குறுக்குவழிகள்

"தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டுடலாம், சூடே ஆகாது." இது நம் ஊர் யோசனைகளில் மிகப் பழையது. முள் இறங்குவது உண்மை. கூடவே இன்ஜின் வேலை செய்ய வேண்டிய சூட்டை எட்டாமல் ஓடும். எம்பிஎஃப்ஐ வண்டியில் (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும் வண்டி) கம்ப்யூட்டர், இன்ஜின் இன்னும் குளிர்ந்திருப்பதாக நினைத்துப் பெட்ரோலை அதிகமாகவே ஊற்றும். மைலேஜ் குறையும், பிளக் கறுக்கும், எண்ணெயில் பெட்ரோல் கலக்கும். அடைத்த ரேடியேட்டரையும் அது மறைத்துவிடும், நீளமான மேட்டில்தான் அம்பலமாகும். மாற்றுவதற்கு முன் பழையதை அடுப்பில் சோதித்துப் பாருங்கள். வால்வின் இடுக்கில் ஒரு நூலைச் செருகி, பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். 82 டிகிரி ரகம் என்றால் அந்தச் சூட்டை ஒட்டி நூல் நழுவித் தெர்மோஸ்டாட் கீழே விழ வேண்டும். 95-ல் எட்டு மில்லிமீட்டர் அளவு திறந்திருக்க வேண்டும். மாட்டும்போது ஓரத்திலுள்ள சின்னக் காற்றுத் துளை மேலே இருக்கட்டும்.

இரண்டாவது, "ஃபேனை டைரக்ட் கொடுத்துடலாம்." ஸ்விட்ச் கெட்டு ஊர் போய்ச் சேர வேண்டிய அவசரத்துக்குச் சரி. நிரந்தரமாக என்றால், 80 வாட் மோட்டார் சாவி போட்ட நேரமெல்லாம் ஏறக்குறைய 7 ஆம்பியர் இழுத்துக்கொண்டிருக்கும், கார்பன் பிரஷ் சீக்கிரம் தேயும். தெர்மோ ஸ்விட்ச் அதைவிட மலிவு.

தண்ணீரா, கூலன்ட்டா?

புது ரேடியேட்டர் போட்டுவிட்டுப் போர் தண்ணீர் ஊற்றுவது, புது வேட்டி கட்டிக்கொண்டு சேற்றில் உட்காருவது மாதிரி. காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும் என்றால் உப்பு படியாது, ஆனால் துருத்தடுப்பு இல்லை. கூலன்ட்தான் சரி, அளவு மட்டும் தெரிய வேண்டும். நம் சமவெளியில் தண்ணீர் உறையப் போவதில்லை, எனவே முப்பதிலிருந்து நாற்பது சதவீதமே போதும். கூலன்ட்டில் உள்ள கிளைகால் கூடக் கூடச் சூட்டைச் சுமக்கும் திறன் குறையும். ஐம்பதுக்கு மேல் போவதில் லாபமே இல்லை. நிறத்தை நம்பிக் கலக்காதீர்கள், ஒரே பச்சையில் வெவ்வேறு வேதியியல் இருக்கிறது. முழுவதும் கழுவிவிட்டு ஒரே ரகம் போடுங்கள்.

கழுவிய பிறகு பிளாக்குக்குள் கொஞ்சம் வெறும் தண்ணீர் தங்கிவிடும். அதனால் கலந்து ஊற்றினால் கலவை நீர்த்துவிடும். மொத்தக் கொள்ளளவு மூன்றரை லிட்டர், நாற்பது சதவீதம் வேண்டும் என்றால், 1.4 லிட்டர் அடர் கூலன்ட்டை முதலில் தனியாக ஊற்றிவிட்டு, மீதியை வடித்த தண்ணீரால் நிரப்புங்கள். கொள்ளளவு உங்கள் வண்டிப் புத்தகத்தில் இருக்கும்.

நிரப்பும்போது முன்சக்கரத்தை மேட்டில் ஏற்றி நிறுத்துங்கள். ஹீட்டர் குமிழ் முழுச் சூட்டில் இருக்கட்டும். மூடி போடாமல் ஐடிலில் ஓடவிட்டு, குமிழி வரவர ஊற்றி, மேல் ஹோஸை அவ்வப்போது அமுக்கிவிடுங்கள். மட்டம் இறங்குவது நின்று, ரேடியேட்டரின் கீழ்ப்பகுதியும் சூடானதும் மூடியைப் போடுங்கள். அதன் பிறகு ஃபேன் ஓடி, நின்று, மறுபடி ஓட வேண்டும். டப்பாவில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிரப்பி, மறுநாள் காலை ஸ்டார்ட் செய்வதற்கு முன் மூடியைத் திறந்து பாருங்கள். கழுத்து வரை நிற்க வேண்டும். இறங்கியிருந்து, தரையிலும் ஈரமில்லை என்றால், கம்ப்ரஷன் கேஜை மறுபடி எடுங்கள்.