முதல் ஆர்.சி. (ரிமோட்டில் பறக்கும்) விமானம் வாங்குகிறவர்களுக்கு: "பயிற்சியோடு பேக்கேஜ்" என்றால் பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கோயம்புத்தூரில் ஒரு கடை, புதிதாகப் பழக வருகிறவர்களுக்கு என்று ஒரு பேக்கேஜ் விற்கிறது. விமானம், ரிமோட், பேட்டரி, சார்ஜர், அதோடு கூட வந்து பறக்கவிடச் சொல்லிக்கொடுப்பது, எல்லாம் சேர்த்து ஒரே விலை. என்னிடம் 18,500 ரூபாய் வாங்கினார்கள். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. இதே பேச்சை நீங்கள் எந்தக் கடையில் கேட்டாலும் உஷாராக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதல் விமானம், பழகுவதற்கு வேண்டும் என்று தெளிவாகச் சொன்னேன். அவர்கள் கொடுத்தது மஸ்டாங் போர் விமானத்தின் சின்ன ஃபோம் மாடல். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் பழகுகிறவர் கையில் கொடுக்கிற விமானமே அல்ல அது. இறக்கை உடம்புக்குக் கீழே இருக்கும், அகலம் குறைவு. வேகம் கொஞ்சம் குறைந்தாலே ஒரு பக்கமாகச் சரிந்து விழும். பழகுவதற்கான விமானத்தில் இறக்கை உடம்புக்கு மேலே இருக்கும். இரண்டு முனையும் லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். ரிமோட்டின் ஸ்டிக்கை விட்டுவிட்டால் அதுவே மெல்ல நேராகிவிடும். இதைக் கேட்டதற்கு, "உள்ளே ஜைரோ இருக்குங்க, அதுவே பேலன்ஸ் பண்ணிக்கும்" என்றார்கள். சாய்வை உணர்ந்து விமானத்தை நிமிர்த்தும் சின்னக் கருவிதான் ஜைரோ.

பயிற்சி கொடுக்கக் கடையிலிருந்து வந்தவர் கூட்டிப்போன இடம் சிங்காநல்லூர் பக்கம் ஒரு காலி மைதானம். பீளமேடு விமான நிலையம் எவ்வளவு பக்கம் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2021 ட்ரோன் விதிகளின்படி விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் இருக்கும் இடம், முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய பச்சை மண்டலம் கிடையாது. அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கற்றுக்கொடுப்பதற்குக் காசு வாங்குகிறவர் முதலில் சொல்லித்தர வேண்டிய விஷயம் இது.

நேரமும் அப்படித்தான். ஆடி மாதம், மதியம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று இந்த ஊரில் அந்த மாதத்தில் எப்படி அடிக்கும் என்று தெரியாதவர் யார்? பழகுகிறவர்களுக்குக் காற்று எழும் முன் விடிகாலைதான் நேரம். காலையில் வரலாமா என்று கேட்டேன். கடை திறந்த பிறகுதான் வர முடியும் என்றார்.

ரிமோட்டை அவரே வைத்துக்கொண்டு, விமானத்தைக் கையால் எறிந்துவிட்டார். ஏறின வேகத்தில் இடப்பக்கம் உருண்டு மூக்கால் மண்ணில் குத்தியது. புரொப்பல்லர், மோட்டார் மவுண்ட், இறக்கை எல்லாம் போச்சு. ரிமோட் என் கைக்கு வரவே இல்லை. ஆனால் கடைக்குப் போனதும், "பைலட் மிஸ்டேக்குக்கு வாரண்டி இல்லைங்க, ஸ்பேர்ஸுக்கு 10% குறைச்சுத் தர்றோம்" என்றார்கள். பைலட் அவர்களுடைய ஆள்! அதைச் சொன்னதும் பேச்சையே மாற்றிவிட்டார்கள்.

பிறகு கிணத்துக்கடவு தாண்டி ஒரு காட்டில் பல வருடமாகப் பறக்கவிடுகிற ஒரு பெரியவரிடம் அந்த உடைசலைக் கொண்டுபோனேன். இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் இருந்த ஸ்டிக்கரை உரித்தார். அடியில் பழைய விரிசல், காய்ந்த பசை. "இது புதுசு இல்லீங்க தம்பி, ஏற்கெனவே விழுந்ததை ஒட்டிக் குடுத்திருக்காங்க" என்றார்.

அப்புறம் பேட்டரியைச் செருகி விமானத்தைக் கையில் சாய்த்துக் காட்டினார். வலது இறக்கையைக் கீழே சாய்த்தால் ஜைரோ வலது எய்லரானை (இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் பலகை) கீழே இறக்க வேண்டும். அப்போதுதான் அந்தப் பக்கம் மேலே எழும்பும். இதில் எய்லரான் மேலே போனது. ஜைரோவைத் தலைகீழாக செட் செய்திருக்கிறார்கள். சாய்ந்த பக்கமே இன்னும் சாய்க்கும் விமானத்தை எவ்வளவு தேர்ந்தவர் எறிந்தாலும் என்ன செய்ய முடியும்? பறக்கவிடும் முன் கையில் பிடித்து ஒரு நிமிடம் பார்த்திருந்தால் போதும்.

பேட்டரியும் உப்பியிருந்தது. மூன்று செல் லைப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி). முழு சார்ஜில் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட் காட்ட வேண்டும். வோல்ட் பார்க்கும் செக்கரில் இரண்டு செல் சரியாக இருந்தது, மூன்றாவது 3.6-ஐத் தாண்டவில்லை. இது விமானம் விழுவதைவிட மோசமான விஷயம். உப்பிய லைப்போ சார்ஜ் ஏறும்போது தீப்பிடிக்கலாம். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு இப்படி ஒன்றைத் தெரிந்தே கொடுத்தனுப்பியதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. நல்ல பேட்டரியாக இருந்தாலும் மண்சட்டியில் வைத்து, பக்கத்திலேயே இருந்து சார்ஜ் போடுங்கள்.

எனவே வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். ஸ்டிக்கர்களின் அடியில் விரல் வைத்துத் தடவுங்கள். செக்கர் வைத்து செல்லுக்குச் செல் வோல்ட் காட்டச் சொல்லுங்கள். பேட்டரியை உள்ளே வைத்து, இறக்கைக்கு அடியில் இரண்டு விரலால் தாங்கி சி.ஜி. (எடை சமமாக நிற்கும் இடம்) காட்டச் சொல்லுங்கள். சாதாரண நேர் இறக்கை என்றால், முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையிலான இறக்கை அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் தாங்கும்போது விமானம் மட்டமாக நிற்க வேண்டும். வால் கனத்தால் வாங்க வேண்டாம். ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளினால் வலது எய்லரான் மேலே போகிறதா என்று பாருங்கள். இதையெல்லாம் காட்டத் தயங்கும் கடையில் உங்களுக்கு வேலை இல்லை.

பயிற்சி என்று சொன்னால், பறக்கவிடப் போவது யார், அவர் கையில் இருக்கும்போது விழுந்தால் செலவு யாருடையது என்று எழுதி வாங்குங்கள். இரண்டு ரிமோட்டை கேபிளில் இணைத்துச் சொல்லிக்கொடுக்கும் வசதி விலை குறைந்த ரிமோட்டுகளிலேயே இருக்கிறது. அது இருந்தால், நீங்கள் தடுமாறும்போது சொல்லித்தருகிறவர் உடனே கட்டுப்பாட்டைத் தன் ரிமோட்டுக்கு வாங்கிக்கொள்வார். அதற்கும் முன்னால் போனிலோ கம்ப்யூட்டரிலோ சிமுலேட்டரில் பழகுங்கள், பிகாசிம் இலவசம். விமானம் நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தெரியும். கைக்கு அது பழகுவதற்குள் உண்மையான ஃபோமை உடைக்க வேண்டாம்.

அடுத்தது பில். எனக்குக் கொடுத்தது வெறும் எஸ்டிமேட் சீட்டு. "பில் வேணும்னா ஜிஎஸ்டி தனியா ஆகும்" என்றார்கள். பணத்தை ஜிபேயில் அனுப்பியிருந்ததாலும், பேக்கேஜில் என்னென்ன வரும் என்பதை அவர்கள் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்ததாலும் என் கையில் சாட்சி இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். கடையிலிருந்து இதுவரை பதில் இல்லை. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. பிரச்சினை நடந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். இதே மாதிரி பேக்கேஜில் மாட்டியவர்கள் உடைந்த விமானத்தையும் உப்பிய பேட்டரியையும் படம் எடுத்துவிடுங்கள். பேட்டரியை வீட்டுக்கு வெளியே, மணல் போட்ட சட்டியில் வையுங்கள். விமானத்தைத் திரும்ப ஒட்டச் சொல்லி அந்தக் கடையிடமே கொடுத்துவிடாதீர்கள்.