பன்னிரண்டு வருஷத்தில் என் வீட்டில் தங்கிய மூன்று கேபர்னே

கேபர்னே என்று நான் சொல்வது, கேபர்னே சாவிஞான் என்ற கறுப்புத் திராட்சையில் செய்யும் சிவப்பு வைனை. வீட்டில் வைன் போத்தல் வைக்கவே என் மனைவி முதலில் சம்மதிக்கவில்லை. கள்ளுக்கடையும் சம்சு என்ற மலிவுச் சாராயமும் தோட்டத்துக் குடும்பங்களை என்ன பாடு படுத்தின என்பதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். சம்பள நாளில் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், எத்தனை வீட்டு அடுப்பு எரியாமல் கிடந்தது என்று எனக்கும் தெரியும். அதனால் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம். மாதம் ஒரே ஒரு போத்தல், சாப்பாட்டோடு மட்டும், நாலு பேர் பகிர்ந்து.

மாதம் ஒன்றுதான் என்றால் கண்டதை வாங்க முடியாது. மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் நல்ல சிவப்பு வைன் தேடிப் பயனில்லை, ஈப்போவுக்குத்தான் போக வேண்டும். வரியும் சேர்ந்து விலை கூடிவிடும். ஆரம்பத்தில் லேபிள் அழகைப் பார்த்து ஒவ்வொரு முறையும் வேறு வேறு வாங்கினேன். இரண்டு வருஷம் போனது, நாக்குக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அப்புறம்தான் ஒரே தயாரிப்பாளரின் ஒரே வைனை வெவ்வேறு அறுவடை ஆண்டுகளில் வாங்கி, தோட்ட ஆபீஸ் நோட்டில் குறித்துவைக்கத் தொடங்கினேன். மழை அதிகமான ஆண்டிலும் வெயில் கொளுத்திய ஆண்டிலும் யார் கையெழுத்து மாறாமல் நிற்கிறதோ, அவர்தான் நம் ஆள்.

முதலில் நிலைத்தது சிலி நாட்டு கோன்ச்சா இ தோரோவின் காசியெரோ டெல் டியாப்லோ. 1883-ல் தொடங்கிய நிறுவனம். பேயின் நிலவறை என்று பெயருக்கு அர்த்தம். திருட்டைத் தடுக்க, நிலவறையில் பேய் இருப்பதாக முதலாளியே கதை கட்டிவிட்டாராம். கைக்கு அடங்கும் விலை, ஆண்டுக்கு ஆண்டு பெரிய ஏமாற்றம் இல்லை. ஆனால் ஆழம் குறைவு. இரண்டாவது கிளாஸில் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிடும்.

என் மனதுக்கு மிக நெருங்கியது தென் ஆஸ்திரேலியாவின் கூனவாராவில் இருக்கும் வின்ஸ். அங்கே சுண்ணாம்புப் பாறைக்கு மேல் மெல்லிய செம்மண். அவர்களுடைய கறுப்பு லேபிள் கேபர்னே 1954-லிருந்து வருகிறது. முதல்முறை முகர்ந்ததும் மச்சான், “என்ன மாமா, ரிபேனா வாசம் அடிக்குது!” என்றார். சரியாகத்தான் சொன்னார், கேபர்னேயின் அடையாளமே ரிபேனா பானத்தில் வரும் அந்த பிளாக்கரண்ட் பழ வாசம்தான். அதற்குப் பின்னால் புதினா மாதிரி ஒரு குளிர்ச்சி. கடைசியில் ஈறில் பாக்குத் துவர்ப்பு. அந்தத் துவர்ப்புதான் டானின். திராட்சையின் தடித்த தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவது.

ஒரே ஆண்டுப் போத்தல் இரண்டு வாங்கி, ஒன்றை உடனே திறந்தேன், மற்றதை நான்கு வருஷம் கழித்து. முதலாவது நாக்கைப் பிடித்து இழுத்தது. இரண்டாவதில், கிளாஸில் வைனின் ஓரம் செங்கல் நிறமாகி, பழைய சுருட்டுப் பெட்டி வாசம் வந்திருந்தது. துவர்ப்பு இருந்தது, ஆனால் பட்டு மாதிரி. மனைவி அன்றைக்குத்தான் முதன்முதலாக, “இன்னும் கொஞ்சம் ஊத்துங்க” என்றாள்.

மூன்றாவது மேற்கு ஆஸ்திரேலியாவின் மார்கரெட் ரிவரில், 1967-ல் ஒரு டாக்டர் தொடங்கிய வாஸ் பெலிக்ஸ். கடற்காற்று படும் ஊர் என்பதால் திராட்சை பழுப்பது நிதானமாக நடக்கிறது. வின்ஸைவிட மெல்லிசு, காய்ந்த இலை வாசம் கொஞ்சம். விலை அதிகம் என்பதால் தீபாவளிக்கு மட்டும்.

கேபர்னேயில் சிலசமயம் குடமிளகாய் வாசம் எட்டிப் பார்க்கும். திராட்சை சரியாகப் பழுக்காவிட்டால் அது தூக்கலாக இருக்கும். லேசாக இருந்தால் எனக்குப் பிடிக்கும். இந்தத் திராட்சை கேபர்னே பிராங், சாவிஞான் பிளாங் என்ற இரண்டு திராட்சை வகைகள் கலந்து பிறந்தது என்று 1997-ல் அமெரிக்காவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரபணு பார்த்துச் சொன்னார்கள். பெற்றோர் இரண்டிலும் இருக்கும் அந்தக் குடமிளகாய் வாசம் பரம்பரைச் சொத்து என்று தெரிந்தபின் அதன்மேல் பிரியம் கூடிவிட்டது.

நம் ஊர் வெப்பத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு கடையில் பேர்போன வைன் ஒன்றை நிறையப் பணம் கொடுத்து வாங்கினேன். வீட்டில் மூடித் தாளை உரித்தால் கார்க் மேலே துருத்திக்கொண்டு நிற்கிறது, சுற்றிலும் பிசுபிசுப்பு. உள்ளே வேகவைத்த உலர்திராட்சை வாசம். வெயிலில் கிடந்து சூடேறியதால் வைன் விரிந்து கார்க்கைத் தள்ளியிருக்கிறது. திருப்பிக் கொடுக்கப் போனேன், மாற்றித் தரவில்லை. அன்று முழுக்க மனம் ஆறவில்லை. ஒரு மாதக் காத்திருப்பு அது! அன்றிலிருந்து ஏர்கோன் ஓடாத கடைக்குள் நான் வைனுக்காக நுழைவதில்லை. கார்க்கைத் தொட்டுப் பார்க்காமல் காசு கொடுப்பதும் இல்லை. வின்ஸும் வாஸ் பெலிக்ஸும் எனக்குத் திருகு மூடியோடு கிடைப்பதில் ஒரு நிம்மதி. ஆனாலும் சூடு அதையும் விடாது. பழைய சின்ன வைன் ஐஸ்பெட்டி ஒன்று வாங்கி 14 டிகிரியில் வைத்திருக்கிறேன்.

அறை வெப்பத்தில் குடிக்கச் சொல்வது குளிர்நாட்டு வீடுகளுக்கு. நம் வீட்டில் 30 டிகிரி. 17 டிகிரி அளவில் ஊற்றினால்தான் பழவாசம் வரும், இல்லாவிட்டால் சாராய நெடி முன்னால் வந்து நிற்கும். சாப்பாட்டில் மிளகு தூக்கலான ஆட்டுக்கறிப் பிரட்டல் அருமை. கொழுப்பும் இறைச்சியும் துவர்ப்பைத் தணித்துவிடும். மிளகாய் காரமான மீன் குழம்போடு மட்டும் வேண்டாம், வாய் எரியும்.

நோட்டில் கடைசியாக எழுதியிருப்பது 2018 வின்ஸ். ஒன்று திறந்தாயிற்று, இன்னொன்று ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் படுத்திருக்கிறது. மகள் படிப்பு முடித்து வரும் நாளுக்கென்று மனைவிதான் அதில் சீட்டு ஒட்டி வைத்திருக்கிறாள்.