ஒலிப்பதிவு அறைக்கு ஒரு பழைய அலுவலகப் பெட்டி

அழகர் வர்ணிப்பு, கும்மிப்பாட்டு, கோயில் கொடைக்கான ஆட்டோ விளம்பரம் என்று சிறு பதிவுகளை வீட்டின் ஓர் அறையிலேயே செய்துகொள்ள விரும்பும் மதுரைக்காரர் எந்தக் கணினியை வாங்கலாம் என்று கேட்டால், ரீஃபர்பிஷ்டு மினி பிசி என்று கடைகளில் சொல்லப்படும் பழைய அலுவலகப் பெட்டியைத்தான் நான் சுட்டிக்காட்டுவேன். பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகே உள்ள ஒரு கடையில் 16 ஜிபி ரேமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் சேர்த்து ₹20,000-க்குள் வாங்கிய இந்தப் பெட்டியில் குரல், ஆர்மோனியம், உறுமி ஆகிய மூன்றையும் பதிவுசெய்து பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

லெனோவோ திங்க்சென்டர் எம்720கியூ, டெல் ஆப்டிபிளெக்ஸ் 7060 மைக்ரோ, எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி4 மினி ஆகிய மூன்றும் இந்த வகையைச் சேர்ந்தவை. என்னிடம் இருப்பது இவற்றில் எது என்பது பெரிய விஷயமல்ல. மூன்றின் உள்ளமைப்பும் ஏறத்தாழ ஒன்றே. இவற்றில் பரவலாகக் கிடைக்கும் ஐ5-8500டி என்ற எட்டாம் தலைமுறை இன்டெல் செயலி 2018-இல் வந்தது. ஆறு கோர்கள் (ஒரே நேரத்தில் வேலை செய்யும் தனித்தனி மையங்கள்) கொண்டது. 35 வாட் வரம்புக்குள் இயங்கும்படி வடிவமைக்கப்பட்டது. இதே விலைக்கு நான்காம் தலைமுறை ஐ7 பொருத்திய பெரிய டவர் கணினியைக் காட்டி, “இது ஐ7 சார், இன்னும் வேகமா இருக்கும்” என்று கடைக்காரர் சொல்லக்கூடும். அந்த ஐ7-க்கு நான்கு கோர்களே உண்டு என்பதோடு, விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்கும் இன்டெல் செயலிகள், ஓரிரு விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஆகவே ஐ-க்குப் பின்னால் வரும் எண்ணைவிடத் தலைமுறை எண்ணைத்தான் (8500-இல் முதலில் வரும் 8 போல) முதலில் கேட்க வேண்டும்.

ஒலிப்பதிவில் கணினியின் வேகம் என்பது பாடுபவர் தம் குரலைத் தாமதமின்றி ஹெட்ஃபோனில் கேட்க முடிகிறதா என்பதுதான். 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 48,000 சாம்பிள் (ஒலி மாதிரி) என்ற கணக்கில், கணினி ஒரு தடவையில் கையாளும் ஒலித்துண்டான பஃபரை 128 சாம்பிளாக வைத்தால் ஒரு வழித் தாமதம் 2.7 மில்லி விநாடி; 1024 ஆக வைத்தால் 21 மில்லி விநாடியைத் தாண்டிவிடும். மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவியான ஆடியோ இன்டர்ஃபேஸும், அதை இயக்கும் டிரைவர் மென்பொருளும் எடுத்துக்கொள்ளும் நேரம் இதற்கு மேல். விண்டோஸில் ஒலித் தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ வகை டிரைவர் நன்றாக அமைந்த ஆடியோ இன்டர்ஃபேஸை இணைத்தபோது, எட்டு ட்ராக்குகள் ஓடிக்கொண்டிருக்க 128 சாம்பிளில் இந்தப் பெட்டி தடுமாறவில்லை. இடையிடையே கேட்ட ‘டிக் டிக்’ ஒலிக்குக் காரணம் செயலி அல்ல, வைஃபை டிரைவர் என்பதை லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருள் காட்டிக்கொடுத்தது. பதிவின்போது வைஃபையை அணைத்துவிட்டால் போதும். இன்டர்ஃபேஸிலேயே டைரக்ட் மானிட்டர் வசதி இருந்தால் குரல் கணினிக்குள் போய்த் திரும்பாமலே காதுக்கு வந்துவிடுவதால், இந்தக் கணக்கு முழுவதையும் மறந்துவிடலாம்.

உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யும்போது அறை சூடேற, பெட்டிக்குள் இருக்கும் சிறு விசிறி மெல்லிய கீச்சொலியோடு சுழலத் தொடங்குகிறது. கண்டென்சர் மைக் அதை விடாமல் பிடித்துவிடுகிறது. உறுமியின் அடியில் அது அமுங்கிப் போகும். ஒற்றைக் குரலில் வர்ணிப்புப் பாடும்போது வரிகளுக்கு இடையில் தெளிவாகக் கேட்கும். இதற்கு நான் கண்ட வழி, பெட்டியைச் சுவருக்கு அப்பால் அடுத்த அறையில் வைத்து, திரைக்கும் இன்டர்ஃபேஸுக்கும் கேபிளை மட்டும் உள்ளே இழுப்பதாகும். யூஎஸ்பி 2.0 கேபிளின் நீளம் 5 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பதால் எந்தச் சுவர் என்பதை முன்பே யோசித்துக்கொள்ள வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாசி வீதிகளை ஒட்டிய பழைய வீடுகள் சிலவற்றில் மூன்று துளை பிளக் இருக்கும், அதற்குப் பின்னால் எர்த் இருக்காது. அத்தகைய இடத்தில் அடாப்டரின் கசிவு மின்சாரம் ஸ்பீக்கரில் இரைச்சலாக வெளிப்படும். அதைக் கணினியின் குற்றம் என்று நினைத்துத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் ஒரு எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்ப்பது நல்லது. வீட்டு இன்வெர்ட்டர் சதுர அலை வகையாக இருந்தால் அதுவும் பதிவில் ரீங்காரமிடும். யூபிஎஸ் வாங்குகிறவர்கள் அதையும் பெட்டியோடு அறைக்கு வெளியே வைக்க வேண்டும். கரண்ட் போன நொடியில் அது எழுப்பும் பீப் ஒலி, காப்பாற்ற வேண்டிய பதிவையே கெடுத்துவிடும்.

சேமிப்பிடத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மோனோ ட்ராக் நிமிடத்துக்கு 8.6 எம்பி அளவுதான் எடுக்கும். எட்டு ட்ராக் கொண்ட ஐந்து நிமிடப் பாட்டு 350 எம்பிக்குள் அடங்கிவிடும். பதிவு மென்பொருளுக்கு ரீப்பர் போதும். 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், சிறு பயனாளர்களுக்கான உரிமம் 60 டாலர். வாங்கும்போது பெட்டியைத் திறந்து ரேம் இரண்டு துண்டுகளாக இருக்கிறதா என்றும், எஸ்எஸ்டியின் நலம் எத்தனை சதவீதம் என்றும் கடையிலேயே காட்டச் சொல்லுங்கள். நான் வாங்கிய கடையில் முகம் சுளிக்காமல் காட்டினார்கள்.

2024 நவம்பரில் ₹59,900 விலையில் வந்த ஆப்பிளின் எம்4 மேக் மினி இதைவிடச் சிறந்த இயந்திரம் என்பதில் ஐயமில்லை. அதிகச் சத்தமின்றி இயங்கும், கராஜ்பேண்ட் என்ற பதிவு மென்பொருள் இலவசமாக வருகிறது, தனியாக ஏசியோவும் தேவையில்லை. நாதஸ்வரம், வீணை போன்றவற்றைச் சாம்பிள் தொகுப்புகளிலிருந்து (முன்பே பதிவுசெய்து வைத்த வாத்திய ஒலிகள்) வாசித்துப் படத்துக்கு இசையமைக்க நினைப்பவர், ரேமைப் பிறகு கூட்ட முடியாது என்பதை மனத்தில் கொண்டு அதற்கே போகலாம். குரலும் ஒன்றிரண்டு வாத்தியங்களும் மட்டும் பதிவுசெய்கிறவருக்கு, மிச்சமாகும் நாற்பதாயிரத்தில் ஒரு நல்ல மைக்கும் இன்டர்ஃபேஸும் சுவருக்குத் தடித்த திரைச்சீலையும் வந்துவிடும். உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் கலைஞர்களின் ஊருக்கே போய்ப் பதிவுசெய்கிறவர்களுக்கு மட்டும் இந்த இரண்டுமே பொருந்தாது; சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓடும் மடிக்கணினிக்கு எர்த் சிக்கலும் இல்லை, மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையும் இல்லை.