ஆர்ட் பாசல்: ஓவியம் வாங்க வசதி இல்லாதவர்களும் போகலாமா?

போகலாம், தாராளமாகப் போகலாம். ஆனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று திட்டம் போட்டால் காலும் வலிக்கும், மனசும் நிறையாது. 2025 ஜூனில் நடந்த இந்தக் கலைச் சந்தைக்கு 88,000 பேர் வந்ததாகக் கணக்கு. அதில் எதையும் வாங்காமல் பார்க்க மட்டும் வந்த கூட்டத்தில் நானும் ஒருவன், அந்த மாதிரி ஆட்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சுருக்கமாகப் பின்னணி: சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் எர்ன்ஸ்ட் பையலர், ட்ரூடல் ப்ரூக்னர், பால்ஸ் ஹில்ட் என்ற மூன்று கேலரிக்காரர்கள் 1970-இல் ஆரம்பித்த கலைச் சந்தை இது. அப்புறம் 2002-இல் மயாமி பீச், 2013-இல் ஹாங்காங், 2022-இல் பாரிஸ் என்று பரவிவிட்டது. ஆனாலும் தாய்வீடு பாசல்தான். செவ்வாய், புதன் இரண்டு நாளும் அழைப்பு உள்ள சேகரிப்பாளர்களுக்கு. வியாழன் முதல் ஞாயிறு வரை டிக்கெட் எடுத்த யாரும் போகலாம். பெரிய விற்பனைகளில் பல அந்த முதல் இரண்டு நாளில் முடிந்துவிடும், சில படங்கள் சுவரில் ஏறுவதற்கு முன்பே மின்னஞ்சலில் பேசி முடிக்கப்பட்டிருக்கும். நமக்கு இதில் ஒரு லாபம் உண்டு. பரபரப்பு அடங்கிய பிறகு ஸ்டாலில் இருப்பவர்கள் நின்று பேசுவார்கள்.

சந்தை அரங்குகளுக்கு முன்னால் உள்ள மெஸ்ஸேபிளாட்ஸ் என்ற சதுக்கத்தில் டிராமை விட்டு இறங்கியதுமே ஆரம்பித்துவிட்டது. ஜெர்மன் ஓவியர் காத்தரினா குரோஸே அந்தச் சதுக்கம் முழுக்க, தரை, சுவர், நீரூற்று எதையும் விடாமல் ஸ்ப்ரே துப்பாக்கியால் மெஜந்தா நிறத்தை அடித்து வைத்திருந்தார். படத்துக்கு முன்னால் நிற்கிறோமா, உள்ளே நிற்கிறோமா என்று தெரியவில்லை. அலுவலகம் போகிறவர்களும் சைக்கிள்காரர்களும் அதன் மேலேயே போய்க்கொண்டிருந்தார்கள். இதற்கு டிக்கெட்டும் கிடையாது.

உள்ளே போனதும் முதலில் ஹால் 1-இல் இருக்கும் 'அன்லிமிடெட்' பகுதிக்குப் போங்கள். ஸ்டாலுக்குள் அடங்காத பெரிய படைப்புகளுக்காக 2000-இல் இருந்து நடத்துகிறார்கள், நான் போனபோது அறுபதுக்கும் மேல் இருந்தன. கொடுத்த காசு எனக்கு இங்கேதான் திரும்பிக் கிடைத்தது. அமெரிக்கக் கலைஞர் ஃபெலிக்ஸ் கொன்சாலஸ்-டொரஸ் 1991-இல் செய்த ஒரு மேடை: வெளிர்நீலப் பெட்டி, விளிம்பைச் சுற்றி வெள்ளை பல்புகள், மேலே யாரும் இல்லை. முதலில் பார்த்தபோது கடந்து போய்விட்டேன். பிறகு திரும்பி வந்தபோது பளபளக்கும் வெள்ளி அரைக்கால்சட்டையில் ஒரு இளைஞர், காதில் ஹெட்போனோடு, தனக்கு மட்டும் கேட்கிற பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தார். எப்போது வருவார் என்று அறிவிப்பு எதுவும் கிடையாது, தினமும் ஏதோ ஒரு நேரத்தில் வந்து குறைந்தது ஐந்து நிமிடம் ஆடிவிட்டுப் போய்விடுவார். பாட்டு இல்லாததால் நமக்குக் கேட்பதெல்லாம் அவருடைய ஷூ பலகையில் படுகிற சத்தமும் மூச்சும்தான். அவர் இறங்கிப் போனதும் அதே காலி மேடை, ஆனால் என்னால் அதைக் காலியாகப் பார்க்க முடியவில்லை. கொன்சாலஸ்-டொரஸின் துணைவர் ராஸ் எய்ட்ஸால் இறந்த ஆண்டு 1991, அதே நோயில் 1996-இல் இவரும் போய்விட்டார். அதைத் தெரிந்துகொண்டு அந்த பல்புகளைப் பார்த்தால் தொண்டை அடைக்கிறது. ஆண்டு மாறினால் படைப்புகளும் மாறும். இந்தப் பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஹால் 2 தான் அசல் சந்தை. நான் போனபோது 42 நாடுகளிலிருந்து 289 கேலரிகள், சென்னை புத்தகக் காட்சி மாதிரி வரிசை வரிசையாக ஸ்டால்கள். கீழ்த்தளத்தில் பிக்காசோ மாதிரி பெரிய பெயர்களும் பெரிய பணமும், மேல்தளத்தில் ஒப்பீட்டளவில் புதியவர்கள். நேரம் குறைவு என்றால் நான் மேல்தளத்தையே சொல்வேன். பல ஸ்டால்களில் விலைச்சீட்டு இருக்காது, கேட்டால் சொல்வார்கள், கேட்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை. விற்ற படத்தை இறக்கிவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக வேறு படம் மாட்டுவதும் உண்டு, அதனால் வியாழக்கிழமை பார்த்த சுவர் சனிக்கிழமை வேறாக இருக்கலாம். அச்சுப் படைப்புகளுக்கான 'எடிஷன்' பகுதியில் சில ஆயிரம் சுவிஸ் பிராங்குக்குள்ளும் கிடைக்கும். அங்கே இருந்த ஒரு அச்சகக்காரர் இழுப்பறையைத் திறந்து தாள் தாளாக எடுத்துக் காட்டினார், கல்லில் வரைந்து தாளில் அச்சிடும் கல்லச்சில் எந்த நிறம் முதலில் விழுந்தது என்று விரலால் காட்டி விளக்கினார். நான் வாங்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

ஹால் 2-க்கு எதிராக எனக்கு ஒன்று சொல்ல இருக்கிறது. சந்தையில் ஒரு ஓவியருக்குப் பக்கத்தில் யார் மாட்டப்படுகிறார் என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கேலரி யாரை விற்கிறது என்பதுதான். அதனால் நல்ல படங்கள்கூட ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. மூன்று மணி நேரம் ஆனதும் கண் எதையும் உள்வாங்க மறுக்கிறது. அப்போது வட்ட முற்றத்தில் ஒரு சாசேஜைச் சாப்பிட்டுவிட்டு ஊருக்குள் போய்விடுங்கள்.

பாசல் மற்ற ஊர்களை ஜெயிப்பது இந்த இடத்தில்தான். பாரிஸ் சந்தை நடக்கும் கிராண்ட் பலே அரங்கின் கண்ணாடிக் கூரை அழகு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாசலில் கலை ஊர்க்காரர்களின் சொத்து. அமர்பாக் குடும்பத்தின் சேகரிப்பை 1661-இலேயே நகரமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து வாங்கிவிட்டன, அதுதான் இன்றைய குன்ஸ்ட்மியூசியம் என்ற கலை அருங்காட்சியகத்தின் அடித்தளம். 1967-இல் ஒரு குடும்ப அறக்கட்டளை பண நெருக்கடியால் அங்கே இரவலாக இருந்த இரண்டு பிக்காசோ ஓவியங்களை விற்கப் போனது. விலை 84 லட்சம் பிராங்க். நகரம் 60 லட்சம் தரலாமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள், மிச்சத்துக்கு ஊரே தெருவில் 'பிச்சைக்காரர் விழா' நடத்திப் பணம் சேர்த்தது. வாக்கெடுப்பு ஜெயித்தது. நெகிழ்ந்துபோன பிக்காசோ தன் பங்குக்கு நான்கு படைப்புகளை ஊருக்குக் கொடுத்தார். பேருந்து ஓட்டுநரும் கடைக்காரரும் ஓவியத்துக்கு ஓட்டுப் போட்ட ஊர் வேறு எங்கே இருக்கிறது?

அதே மியூசியத்தில் ஓவியர் ஹோல்பைன் 1521-22-இல் வரைந்த இறந்த கிறிஸ்துவைக் கட்டாயம் பாருங்கள். இரண்டு மீட்டர் நீளம், உயரமோ ஒரு அடிதான். பச்சை பாய்ந்த கை, துணியை அழுத்தும் நடுவிரல், மூடாத வாய். சந்தையில் பார்த்தது பாதி இதன் முன்னால் மறந்துபோனது.

நேரம் இருந்தால் 6-ஆம் எண் டிராமில் பக்கத்து ஊரான ரீஹென் போய், கட்டடக் கலைஞர் ரென்ஸோ பியானோ கட்டிய பையலர் அருங்காட்சியகத்தையும் பாருங்கள். சந்தையைத் தொடங்கிய அதே பையலரின் சேகரிப்பு.

செலவுதான் பெரிய தலைவலி. அந்த வாரம் தங்குமிட விலை கூசாமல் ஏறும். நான் முதலில் பார்த்து வைத்த ஒரு சிறிய விடுதி, தள்ளிப்போட்டு மறுபடி கேட்டபோது ஏறக்குறைய இரட்டிப்பு சொன்னது. எல்லை தாண்டி பிரான்ஸின் மூலூஸிலோ ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கிலோ தங்கி ரயிலில் வந்து போவது நல்ல வழி. சுவிஸில் சொந்தக்காரர் இருக்கிற ஈழத்துக் குடும்பங்கள் நிறைய, அப்படி ஒரு வீடு இருந்தால் யோசிக்கவே வேண்டாம், சூரிச்சிலிருந்துகூட ஒரு மணி நேரத்துக்குள்தான். பாசலிலேயே விடுதி எடுத்தால் டிராம் இலவசமாகப் போகும் பாசல் கார்டு தருவார்கள், கேட்டு வாங்குங்கள். தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள், தெரு நீரூற்றுகளில் வருவது குடிதண்ணீர். இரண்டு நாள் ஒதுக்க முடிந்தால் ஒன்றைச் சந்தைக்கும் ஒன்றை ஊருக்கும் வையுங்கள், ஒரு நாள்தான் என்றால் காலையில் அன்லிமிடெட், மாலையில் குன்ஸ்ட்மியூசியம். ஹால் 2-ஐ அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.